காத்திருப்பதா, இன்றே வாங்குவதா: உயர்ரக கிராபிக்ஸ் கார்டுகளும் அவற்றைச் சுற்றிய ஊகங்களும்

2024 செப்டம்பரில், என்விடியா நிறுவனத்தின் உயர்ரக கிராபிக்ஸ் கார்டான ஆர்டிஎக்ஸ் 5090 அறிவிக்கப்படுவதற்கு இன்னும் மூன்று மாதங்களுக்கு மேல் இருந்த நிலையில், அந்தக் கார்டின் விவரங்கள் என்று ஒரு கசிவு வெளியானது. 21,760 கியூடா கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), 512 பிட் பஸ் (சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை), 32 ஜிபி ஜிடிடிஆர்7 நினைவகம், 600 வாட் மின்சாரம் என்று அது சொன்னது. 2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் கார்டை அறிமுகப்படுத்தியபோது முதல் மூன்று விவரங்களும் இம்மியும் பிசகாமல் அப்படியே இருந்தன. நான்காவது மட்டும் 575 வாட்டாகக் குறைந்திருந்தது. அதே கசிவில் இருந்த 5080-க்கும் இதே கதைதான்: 10,752 கோர்கள், 256 பிட், 16 ஜிபி ஆகிய மூன்றும் சரி, 400 வாட் என்றது 360 ஆனது.

இதில் தற்செயல் எதுவும் இல்லை. ஒரு சிப்பின் பஸ் எத்தனை பிட் என்பதும் அதில் அதிகபட்சம் எத்தனை கோர்கள் இருக்கும் என்பதும் சிப்பின் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகின்றன. கார்டு கடைக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே அந்த வரைபடம் ஆலைக்குப் போய்விடும். 5090-இல் இருக்கும், ஜிபி202 என்று பெயரிட்ட சிப் முழுவடிவில் 24,576 கோர்கள் கொண்டது. அவற்றில் எத்தனையைத் திறந்துவிடுவது என்பது சற்றுப் பின்னால் தீர்மானிக்கப்படும், அவ்வளவே. மின்சார வரம்போ ஃபர்ம்வேரில், அதாவது கார்டுக்குள் பதிக்கும் மென்பொருளில், எழுதப்படும் ஓர் எண். கடைசி மாதங்களில்கூட அதை ஏற்றலாம், இறக்கலாம். விலை அதைவிடவும் இளக்கமானது. என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி தனது ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியை 2019 ஜூனில் 449 டாலர் என்று மேடையிலேயே அறிவித்துவிட்டு, ஜூலை 7 அன்று விற்பனை தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது 399 டாலராகக் குறைத்தது.

ஆகவே, வரப்போகும் கார்டுகளைப் பற்றிய பேச்சை வைத்து வாங்கும் முடிவை எடுப்பவர்கள், அந்தப் பேச்சு யாரிடமிருந்து வந்தது என்று பார்ப்பதோடு, அது சொல்லும் விவரத்தை நிறுவனம் எந்தக் கட்டம் வரை மாற்ற முடியும் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிப்பில் பதிந்துவிட்ட விவரத்துக்காகக் காத்திருப்பதில் நியாயம் உண்டு. விலை பற்றிய ஊகத்துக்காகக் காத்திருப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

நினைவகம் பற்றிய பேச்சுகளை யாரும் வீட்டில் உட்கார்ந்தபடியே சரிபார்க்கலாம். ஒவ்வொரு நினைவகச் சிப்பும் (பலகையின் இரு பக்கமும் அடுக்கினால் இரண்டு சிப்கள் சேர்ந்து) பஸ்ஸில் 32 பிட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. 512-ஐ 32-ஆல் வகுத்தால் 16 சிப்கள். ஒவ்வொன்றும் 2 ஜிபி என்றால் 32 ஜிபி. 256 பிட் கார்டில் 8 சிப்கள், அதனால் 16 ஜிபி. 192 பிட் கார்டில் 6 சிப்கள், அதனால் 12 ஜிபி. 2 ஜிபிக்குப் பதிலாக 3 ஜிபி சிப்களைப் போட்டால் இவை முறையே 48, 24, 18 ஆகும். "256 பிட் பஸ், 20 ஜிபி" என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால், அதை எழுதியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

கணக்குச் சரியாக இருப்பதால் மட்டும் கார்டு வந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080-இன் 20 ஜிபி வடிவம் பற்றிப் பலமாகப் பேசப்பட்டது. 320 பிட் பஸ்ஸுக்கு அந்த அளவு பொருந்தியது. ஆனால் கடைக்கு வந்தவை 10 ஜிபியும், பின்னர் 2022 ஜனவரியில் 12 ஜிபியும்தான். ஆர்டிஎக்ஸ் 4090 டிஐ என்ற கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. நான்கு ஸ்லாட் தடிமனுள்ள அதன் குளிர்விப்பானின் படங்கள்கூட வெளியாகின. கார்டு வரவே இல்லை.

மின்சாரம் பற்றிய ஊகங்கள் எவ்வளவு வீங்கும் என்பதற்கு 4090 நல்ல சான்று. 2022-இன் முற்பாதியில் 600 வாட் என்று தொடங்கிய பேச்சு, வாய்க்கு வாய் வளர்ந்து 800, 900 வரை போனது. காக்கை காக்கையாக வாந்தி எடுத்த கதைதான். வந்த கார்டு 450 வாட். ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு சிறு உண்மை இருந்தது: புதிய 16 முனை மின் இணைப்பின் உச்சவரம்பு 600 வாட், பல கார்டுகளின் குளிர்விப்பான்களும் தேவைக்கு மிஞ்சிய அளவிலேயே வந்தன. உச்சவரம்பைப் பார்த்தவர்கள் அதையே பயன்பாடு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

விலை ஊகங்களில் 2018 டிசம்பரில் பரவியதை நான் மறக்கவே மாட்டேன். ஏஎம்டியின் அடுத்த ரேடியான் கார்டு அன்றைய ஆர்டிஎக்ஸ் 2070-க்கு நிகரான வேகத்தில் 249 டாலருக்கு வரப்போகிறது என்றார்கள். அந்த வேகத்தில் ஒரு கார்டு ஏழு மாதம் கழித்து உண்மையிலேயே வந்தது. விலைதான் மேலே சொன்ன 399 டாலர். வேகத்தைப் பற்றிய ஊகம் பலித்தது, விலையைப் பற்றியது பலிக்கவில்லை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம். இன்று பெருந்தொகை செலவிடத் தயாராக இருப்பவருக்கு முன்னால் ஐந்து வழிகள் உள்ளன: என்விடியாவின் 50 வரிசையில் சூப்பர் என்ற பெயரில் எதிர்பார்க்கப்படும் மேம்பட்ட வடிவங்களுக்காகக் காத்திருப்பது, அடுத்த தலைமுறைக்காகவே காத்திருப்பது, 5090-ஐ இப்போதே வாங்குவது, அதற்கு ஒரு படி கீழே வாங்குவது, பழைய தலைமுறையின் 24 ஜிபி கார்டு ஒன்றைக் கைமாற்றாக வாங்குவது.

முதலில் சூப்பர். 5080 சூப்பரும் 5070 டிஐ சூப்பரும் 24 ஜிபி, 5070 சூப்பர் 18 ஜிபி என்பதே பேச்சு. மேலே போட்ட கணக்கோடு இது அச்சாகப் பொருந்துகிறது. 3 ஜிபி சிப்கள் கற்பனையும் இல்லை: மடிக்கணினிக்கான 5090 அவற்றைக் கொண்டே 24 ஜிபி தருகிறது, பணிநிலையங்களுக்கான ஆர்டிஎக்ஸ் புரோ 6000 பிளாக்வெல் கார்டும் பலகையின் இரு பக்கமும் அவற்றை அடுக்கி 96 ஜிபியை எட்டுகிறது. எனவே இது என் அளவுகோலின்படி உயர்தர ஊகம். கேள்விக்குறியாக நிற்பவை தேதியும் விலையும். 2026 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அறிவிப்பு வரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். என்விடியா புதிய ஜிபோர்ஸ் கார்டு எதையும் அங்கே அறிவிக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு சேவையகங்கள் நினைவகத்தை வாரி விழுங்குவதால் தட்டுப்பாடு முற்றியிருக்கிறது. நுகர்வோருக்கான குரூசியல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்ததே நிலைமையின் கடுமையைக் காட்டும். நினைவகம் அரிதாகும் காலத்தில், கூடுதல் நினைவகத்தை மட்டுமே சிறப்பாகக் கொண்ட கார்டு குறித்த நேரத்தில் குறைந்த விலைக்கு வரும் என்று நம்புவது கடினம்.

சூப்பருக்காகக் காத்திருப்பது யாருக்குப் பொருந்தும்? 16 ஜிபி போதாது, 32 ஜிபிக்குப் பணம் இல்லை, கையில் இருக்கும் கார்டு இன்னும் வேலை செய்கிறது என்ற மூன்றும் சேர்ந்து அமைந்தவர்களுக்கு மட்டுமே. கேம் ஆடுபவர்களில் இப்படிப்பட்டவர்கள் குறைவு. முப்பரிமாணக் காட்சிகளைப் படமாக்கி ரெண்டர் செய்பவர்களிலும், செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைத் தம் கணினியிலேயே இயக்குபவர்களிலும் அதிகம். 300 கோடி அளவுருக்கள் கொண்ட சிறு மாதிரிக்கு 16 ஜிபி தாராளம். ஆனால் 3,000 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை 4 பிட்டாகச் சுருக்கினாலும் அளவுருக்களுக்கு மட்டும் 15 ஜிபி வேண்டும், உரையாடலின் சூழலுக்கு அதற்கு மேலும் இடம் வேண்டும். 16 ஜிபி கார்டு திணறும் அந்த இடத்தில் 24 ஜிபி கார்டு இயல்பாக ஓடும்.

அடுத்த தலைமுறையை எதிர்பார்ப்பவர்களுக்கு நாட்காட்டியே சிறந்த வழிகாட்டி. ஜிடிஎக்ஸ் 1080 வெளிவந்தது 2016 மே. ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ 2018 செப்டம்பர். 3090 2020 செப்டம்பர். 4090 2022 அக்டோபர். 5090 2025 ஜனவரி. இடைவெளிகள் 28, 24, 25, 27 மாதங்கள். இந்தத் தாளம் தவறாமல் தொடர்ந்தாலும் 2027 ஜனவரிக்கு முன் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை, மே வரை தள்ளிப் போவதும் இயல்பே. நினைவகத் தட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொண்டால் அதற்கும் பின்னால் போனாலும் வியப்பதற்கில்லை. தரவு மையங்களுக்கான ரூபின் வடிவமைப்பை என்விடியா வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. கேமர்களுக்கான கார்டும் அதையே தழுவி வரும் என்பது ஊகம். ஏஎம்டி தரப்பில், கேம் கார்டுக்கும் தரவு மையத்துக்கும் தனித்தனியாக இருந்த வடிவமைப்புகளை யுடிஎன்ஏ என்ற பெயரில் ஒன்றாக்கப் போவதாக அந்நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஜாக் ஹுயின் 2024 செப்டம்பரில் கூறினார். அதே காலத்தில் அவர், உச்சநிலைக் கார்டுகளைவிடப் பெருவாரியான மக்கள் வாங்கும் கார்டுகளே தம் முன்னுரிமை என்றும் சொன்னார். சொன்னபடியே 9000 வரிசையில் 5090-க்குப் போட்டியான கார்டு எதுவும் வரவில்லை. அடுத்த வரிசையில் ஏஎம்டி மீண்டும் உச்சிக்கு வரும் என்ற பேச்சு அடிபடுகிறது. வந்தால் எல்லோருக்கும் நல்லது. நானும் அதையே விரும்புகிறேன். விரும்புவது வேறு, அதை நம்பிப் பணத்தை முடக்கி வைப்பது வேறு.

காத்திருந்து ஏமாறுவதைப் போலவே, காத்திராமல் அவசரப்பட்டும் ஏமாறலாம். 2020 செப்டம்பர் 1 அன்று 3080 அறிவிக்கப்பட்டது, விலை 699 டாலர். 499 டாலரில் வரவிருந்த 3070-ஏ 2080 டிஐ-ஐ மிஞ்சும் என்று மேடையில் சொன்னார்கள். அன்று இரவே என் நண்பர் ஒருவர் தம் 2080 டிஐ-ஐக் கழற்றி, வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே விற்றுவிட்டார். மறுநாள் இன்னும் குறையும் என்ற பயம். செப்டம்பர் 17 அன்று புதிய கார்டு விற்பனைக்கு வந்தது, சில நிமிடங்களில் தீர்ந்தது. அதன்பின் மாதக்கணக்கில் அவருடைய கணினி பிராசசரோடு ஒட்டிய சிறு கிராபிக்ஸை வைத்துக்கொண்டு, எழுத்துவேலைக்கு மட்டும் பயன்பட்டது. இதற்கிடையே தட்டுப்பாட்டாலும், கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற மின்நாணயத்தை ஈட்டும் சுரங்கத்தாலும் அவர் விற்ற அதே 2080 டிஐ-இன் கைமாற்று விலை மறுபடி மேலே ஏறிவிட்டது. அன்று மேடையில் சொன்ன வேகமும் பொய்யில்லை, விலையும் பொய்யில்லை. அந்த விலைக்குக் கார்டு கிடைக்குமா என்பதைத்தான் மேடையில் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வழி, 5090-ஐ இன்றே வாங்குவது. இதன் மதிப்பை ஒப்பிட வேண்டியது 4090-உடன். 4கே திரையில் சராசரியாகக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதல் வேகம். மின்சாரம் 450-இலிருந்து 575 வாட், அதாவது சுமார் 28 விழுக்காடு கூடுதல். இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆலைத் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை என்பதால் இதில் அதிசயம் இல்லை: வேகம் கூடிய அளவுக்கு மின்சாரமும் கூடியிருக்கிறது. உண்மையான முன்னேற்றம் நினைவகத்தில் இருக்கிறது. 24 ஜிபி 32 ஆகியிருக்கிறது, நொடிக்கு 1,008 ஜிபி என்றிருந்த அதன் வேகம் 1,792 ஜிபி ஆகியிருக்கிறது. நினைவக வேகமே தடையாக இருக்கும் வேலைகளுக்கு, குறிப்பாக மொழி மாதிரிகளுக்கு, இது பெரிய பாய்ச்சல். 1,999 டாலர் என்பது அறிமுக விலை. அந்த விலைக்கு அது எளிதாகக் கிடைத்த காலம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

விலைச்சீட்டில் அச்சாகாத செலவுகளும் இதில் உண்டு. என்விடியா பரிந்துரைப்பது 1,000 வாட் பவர் சப்ளை. மின் இணைப்பு முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். 2022-இல் 4090-இன் இணைப்புகள் உருகியபோது, பல நிகழ்வுகளில் பிளக் சரியாகச் செருகப்படாததே காரணம் என்று என்விடியா விளக்கியது. பின்னர் 12வி-2x6 என்ற திருத்திய வடிவம் வந்தது. அதன் பிறகும் 5090-இல் அத்தகைய செய்திகள் ஓயவில்லை. முதல் தொகுதியில் வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் 2025 பிப்ரவரியில் கிடைத்தது: சில கார்டுகளில் படத்தின் புள்ளிகளை இறுதியாக எழுதும் ஆர்ஓபி எனப்படும் பகுதிகள் அறிவித்த எண்ணிக்கையைவிடக் குறைவாக இருப்பதை என்விடியாவே ஒப்புக்கொண்டது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான கார்டுகள்தான், மாற்றியும் கொடுத்தார்கள். ஆயினும் புதுக் கார்டை வாங்கிய அன்றே அதன் விவரங்களைச் சிறு மென்பொருள் ஒன்றில் திறந்து, அறிவித்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 32 ஜிபியைக் கொண்டு தொழில் செய்து பணம் ஈட்டுபவர் என்றால், இந்தச் செலவுகளோடும் 5090 சரியான முடிவு. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு வருமான இழப்பு. கேம் மட்டும் ஆடுபவருக்கு என் மனம் ஒப்பவில்லை.

ஒரு படி கீழே வந்தால் 5080, 5070 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி ஆகிய மூன்றும் 256 பிட், 16 ஜிபி கார்டுகள். அறிமுக விலைகள் 999, 749, 599 டாலர். 5080-இன் கோர்கள் 5090-இல் பாதிக்கும் சற்றுக் குறைவு. வெளிவரும் முன் அது 4090-ஐ முந்தும் என்று பேசினார்கள், முந்தவில்லை. இந்த மூன்றில் விலைக்கும் வேகத்துக்கும் பொருத்தமானவை கடைசி இரண்டுமே. ரே டிரேசிங்கும் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரைவது) டிஎல்எஸ்எஸ்-உம் (செயற்கை நுண்ணறிவால் படத்தை மேம்படுத்தும் என்விடியா வசதி) முக்கியம் என்றாலோ கியூடா தேவைப்படும் மென்பொருள் இருந்தாலோ 5070 டிஐ. இல்லாவிட்டால் 9070 எக்ஸ்டி. 5070-ஐப் பற்றி ஒரு சொல்: 549 டாலருக்கு 4090-இன் வேகம் என்று மேடையில் அறிவித்தது பல செயற்கைச் சட்டகங்களை, அதாவது கார்டு ஊகித்து வரையும் படங்களை, இடையில் செருகும் தொழில்நுட்பத்தைக் கணக்கில் சேர்த்துத்தான். ரெண்டருக்கு அந்தச் சட்டகங்கள் உதவாது. 12 ஜிபி நினைவகமும் 24 ஆகிவிடாது.

எஞ்சியிருப்பது கைமாற்று வழி. என் சொந்த முடிவும் இதுவே. நான் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கட்டடக் காட்சிகள் செய்பவன். 10 ஜிபி கார்டில், ஒரு முற்றத்தில் நான்காவது மரத்தை வைத்ததும் நினைவகம் தீர்ந்து ரெண்டர் நின்றுவிடும். இலைகளின் படங்களை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, தூரத்து மரங்களை நீக்கி, காட்சியை மூன்று அடுக்காகப் பிரித்து ரெண்டர் செய்து ஒட்டுவேன். ஒரு மாலை வேலை மூன்று நாளாகும். வேகம் குறைந்த கார்டு காத்திருக்க வைக்கும். நினைவகம் குறைந்த கார்டு வேலையையே செய்யவிடாது. இதை உணர்ந்தபின் வேகத்தைப் பற்றிய ஊகங்கள் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டன.

கைமாற்றில் 24 ஜிபி என்றால் 4090, 3090 டிஐ, 3090, ரேடியான் 7900 எக்ஸ்டிஎக்ஸ் ஆகியவை. 4090 இன்றும் 5080-ஐவிட வேகமானது. அதனாலேயே விலை இறங்க மறுக்கிறது. 3090 வேகத்தில் பின்தங்கியது, டிஎல்எஸ்எஸ் மூலம் சட்டகங்களை உருவாக்கும் வசதி இல்லாதது. ஆனால் இரண்டு கார்டுகளை என்விலிங்க் பாலத்தால் இணைக்கக்கூடிய கடைசி ஜிபோர்ஸ் தலைமுறையைச் சேர்ந்தது. அதன் பலவீனம் பின்பக்கம். 3090-இல் 1 ஜிபி சிப்கள் 24, பலகையின் இருபுறமும் பன்னிரண்டு பன்னிரண்டாக. பின்புறம் உள்ளவற்றுக்கு மின்விசிறிக் காற்று நேராகப் படுவதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் சுரங்கம் முடிவுக்கு வரும்வரை பல கார்டுகள் இரவும் பகலும் அந்த வெப்பத்திலேயே ஓடியவை. 3090 டிஐ-இல் 2 ஜிபி சிப்கள் பன்னிரண்டும் முன்பக்கமே இருப்பதால் இந்தக் குறை இல்லை.

நான் பார்க்கப் போன 3090-ஐ விற்றவர் சுரங்கத்தில் ஓட்டியதை மறைக்காமல் சொன்னார். அவர் கணினியிலேயே பொருத்தி, என் காட்சிக் கோப்பைத் திறந்து, தொடர்ந்து அரை மணி நேரம் ரெண்டர் ஓடவிட்டு, நினைவக வெப்ப எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிடத்தில் 104 டிகிரி, அதற்கு மேல் சற்று ஏறி 108. அந்தக் கார்டின் நினைவக வகையான ஜிடிடிஆர்6எக்ஸ் 110-ஐத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பப் பட்டைகளை மாற்றச் சம்மதித்தால் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அதே கோப்பு, அதே அரை மணி நேரம்: எண் 92-இல் நின்றது, நான்கு மரங்களோடு முற்றம் முழுதாகத் திரையில் வந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கார்டை எடுத்து வந்தேன்.